கவுன்சிலர் இல்லாத ஊரில் கொரோனா: சென்னைத் தெருக்களுக்குத் தகவலும் உதவியும் வந்த வழி

2020 மே, ஜூன் மாதங்களில் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தப் பட்டியல் மறந்திருக்காது. பெருநகர சென்னை மாநகராட்சி தினமும் வெளியிட்ட மண்டலவாரிக் கணக்கு. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை என்று வடக்கே தொடங்கி சோழிங்கநல்லூரில் முடியும் 15 வரிகள். குணமானவர்கள் இத்தனை, சிகிச்சையில் இத்தனை, இறந்தவர்கள் இத்தனை. ராயபுரம் நெடுநாள் முதலிடத்தில் இருந்தது. வாட்ஸ்அப்பில் படம் வந்து விழுந்ததும் அவரவர் மண்டலத்தைத் தேடிப் பிடித்து, நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று பார்ப்பார்கள்.

பார்த்துவிட்டு என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியாது. 426 சதுர கிலோமீட்டர் பரப்பும் 200 வார்டுகளும் கொண்ட நகரம் இது. ஒரு மண்டலத்திலேயே பல லட்சம் பேர் இருக்கிறார்கள். கோடம்பாக்கம் மண்டலத்தில் எண்ணிக்கை ஏறிவிட்டது என்றால் அது கே.கே.நகரிலா, அசோக் நகரிலா, மேற்கு மாம்பலத்திலா? நம் தெருவிலா, பின் தெருவிலா? தெரு முனையில் சவுக்குக் கட்டை கட்டி அடைத்திருக்கிறார்களே, நாளைக் காலை பால் வருமா? ரேஷன் டோக்கன் வீட்டுக்கே வருமா, கடைக்குப் போய் வாங்க வேண்டுமா? எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், அவரை யார் அழைத்துப் போவது? அந்த நாட்களில் ஒரு குடும்பம் கேட்ட கேள்விகள் இவை. ஒன்றுக்குக்கூட அந்த 15 வரிகளில் பதில் கிடையாது.

தொற்றுக்காலத்தில் உள்ளூர் அதிகாரி தரும் தகவலை நான் நிவாரணப் பொருட்களோடு சேர்த்தே எண்ணுகிறேன். அரிசி போல, மாத்திரை போல அதுவும் வாசல்வரை வந்து சேர வேண்டும். சென்னையில் அது எங்கே வந்து சேர்ந்தது, எங்கே பாதிவழியில் நின்றது என்று திரும்பிப் பார்த்தால், காரணங்களில் ஒன்று கொரோனாவுக்கு மூன்றரை ஆண்டு முன்பே தொடங்கியிருப்பது தெரியும்.

2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தது. அதே மாதம் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு தனி அலுவலர்களின் ஆட்சி. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்து, அந்த ஊராட்சிகளுக்குத் தலைவர்கள் வந்தார்கள். நகரங்களுக்கு அப்போதும் தேர்தல் இல்லை. 2020 மார்ச் 7 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி உறுதியானபோது, மாநிலத்தின் பல குக்கிராமங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர் இருந்தார். சென்னையின் 200 வார்டுகளில் ஒன்றில்கூட இல்லை. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. முதல் அலை, இரண்டாம் அலை, ஒமைக்ரான் அலை மூன்றையும் இந்த நகரம் கவுன்சிலர் இல்லாமலே கடந்தது.

கவுன்சிலர் இருந்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கவுன்சிலர்களைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு உள்ள மனக்குறைகள் ஊரறிந்தவை. ஆனாலும் அவர் வீடு எங்கே இருக்கிறது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டலாம், கோபமாக நாலு வார்த்தை கேட்கலாம். எந்தச் சந்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் பத்துப் பேர் ஒரே அறையில் தங்கியிருக்கிறார்கள், எந்தக் குடும்பத்துக்குக் குடும்ப அட்டை இல்லை என்பதெல்லாம் ஓட்டுக் கேட்டு அலைந்தவருக்குத் தெரிந்திருக்கும். மண்டல அலுவலர் மாற்றலாகி வருபவர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வரைபடத்தைப் பார்த்துத்தான் தெருவை அறிய வேண்டும்.

அந்த வெற்றிடத்தை மேலிருந்து நிரப்பப் பார்த்தார்கள். மாநகராட்சி ஆணையர் கோ.பிரகாஷ் இருந்தார். 2020 மே தொடக்கத்தில் ஜெ.ராதாகிருஷ்ணன் சென்னைக்குச் சிறப்பு அதிகாரியானார். மண்டலங்களுக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரிகள், பிறகு அமைச்சர்கள் என்று பொறுப்புகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. மாலை நேரத்தில் சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் தொலைக்காட்சியில் கணக்குச் சொல்வது ஒவ்வொரு வீட்டிலும் அன்றாட நிகழ்வாகிவிட்டது. மாநில அளவிலான தகவலுக்குக் குறையே இல்லை. அதற்குக் கீழே, வார்டு என்ற படியில், முகம் தெரிந்த ஒரு ஆள் இல்லை.

தகவலும் ஏற்பாடும் ஒன்றாக வராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2020 ஏப்ரல் 25, சனிக்கிழமையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. முந்தின நாள் அறிவிப்பு வந்தது: சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு, மளிகை, காய்கறிக் கடைகள்கூட இருக்காது. நோய்ப் பரவல் நோக்கில் அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் அறிவிப்பைப் படித்த ஒவ்வொருவருக்கும் கையில் இருந்தது ஒரே ஒரு நாள். பையை எடுத்துக்கொண்டு ஊரே கிளம்பியது. கோயம்பேடு சந்தையில் அன்று நின்ற கூட்டத்தின் படங்களைப் பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கியது.

அதன் பிறகு கோயம்பேட்டிலிருந்து தொற்று கிளம்பியது. அந்த ஒரு நாள் கூட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சுமார் 295 ஏக்கர் வளாகம், ஆயிரக்கணக்கான கடைகள், விடிய விடிய லாரிகள், தோளோடு தோள் இடிக்கும் சுமைதூக்கும் தொழிலாளர்கள் என்று சந்தை முன்பிருந்தே நெரிசலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மே 5-ல் சந்தை மூடப்பட்டது. காய்கறி வியாபாரம் 11-ஆம் தேதி முதல் புறநகரில் உள்ள திருமழிசைக்குப் போனது. அதற்குள் வேலையிழந்து சொந்த ஊருக்குக் கிளம்பிய தொழிலாளர்களோடு நோயும் கடலூருக்கும் அரியலூருக்கும் விழுப்புரத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஊர் திரும்பியவர்களை ‘கோயம்பேட்டுக்காரன்’ என்று ஒதுக்கியதும் நடந்தது. மூட்டை தூக்கிப் பிழைத்தவன் மேல் பழி விழுந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த அறிவிப்போடு இன்னும் இரண்டு வரி சேர்ந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ‘உங்கள் தெருவுக்கு இன்ன நாளில் இந்த நேரத்தில் காய்கறி வண்டி வரும், பால் வழக்கம்போல் வரும்’ என்ற இரண்டு வரி. ஓராண்டு கழித்து அதைத்தான் செய்தார்கள். 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு அறிவித்தபோது, கடைகள் இருக்காது, காய்கறியும் பழமும் வாகனங்களில் தெருவுக்கே வரும் என்று அரசு சொன்னது, வண்டிகளும் வந்தன. இடைப்பட்ட இரண்டு நாளில் அப்போதும் கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் கூட்டம் கூடியது உண்மை. ஆனால் அடைத்த தெருவுக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தக்காளிக்கு ஒரு வழி இருந்தது.

முதல் அலையில் வார்டின் முகமாக இருந்தவர்கள் கதவைத் தட்டிய பணியாளர்கள். 2020 ஏப்ரலில் தொடங்கிய வீடுவீடான கணக்கெடுப்பில் ஆயிரக்கணக்கானோர் இறக்கப்பட்டார்கள். ஒருவருக்கு 75 முதல் 100 வீடுகள். தினமும் அதே வீடுகள், அதே கேள்விகள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அந்தந்தப் பகுதியிலேயே குடியிருந்தவர்கள். சித்திரை வெயிலில் முகக்கவசத்தோடும் பதிவேட்டோடும் மூன்று மாடி ஏறி, “வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சல், இருமல் இருக்காம்மா?” என்று கேட்பார்கள். “யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா, எல்லாரும் நல்லா இருக்கோம்” என்ற பதில் கதவுக்குப் பின்னாலிருந்தே வரும். சில வீடுகளில் கதவு திறக்காது. சில வீடுகளில் திட்டு விழும்.

உள்ளே காய்ச்சல் இருந்தும் மறைத்தவர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தொற்று உறுதியானால் வாசலில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று சுவரொட்டி ஒட்டினார்கள். சில இடங்களில் தகரத்தை வைத்து வீட்டு வாசலையே அடைத்தார்கள். தீப்பிடித்தால், உள்ளே ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் எப்படி வெளியே வருவது என்ற கேள்வி எழுந்த பிறகே தகரம் விலகியது. சுவரொட்டி விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போனது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி தனியாக உத்தரவிட்டாலொழிய அப்படி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. அதற்குள் எத்தனையோ தெருக்களில் அந்தத் தாள் ஒட்டிய வீட்டுக்குப் பால்காரரும் வரவில்லை, பக்கத்து வீட்டாரும் பேசவில்லை.

அவமானத்துக்கு மேல் மரணத்தின் பயம். 2020 ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் ஊழியர்களும் அடிபட்டார்கள். நண்பரான இன்னொரு மருத்துவர் நள்ளிரவில் தானே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். இறந்தவர் உடலிலிருந்து அந்தப் பகுதிக்கே நோய் பரவிவிடும் என்ற வதந்திதான் கூட்டத்தைக் கூட்டியது. ஒரு வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது. அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. சட்டம் தேவைதான். ஆனால் அன்று மாலையே அந்தப் பகுதி மக்களுக்குத் தெரிந்த, அவர்கள் மதிக்கும் ஒருவர் தெருவில் நின்று, இத்தனை அடி ஆழத்தில் புதைக்கிறோம், நோய் பரவாது என்று விளக்கியிருந்தால் கல் எடுத்த கைகளில் பாதியாவது இறங்கியிருக்கும் என்றே நம்புகிறேன்.

மே மாதத்தில் தெருமுனைக் காய்ச்சல் முகாம்கள் தொடங்கியபோதுதான் இந்த அச்சம் கொஞ்சம் தளர்ந்தது. சமுதாயக் கூடத்திலோ பள்ளியிலோ பந்தலடியிலோ ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு மேசை. நகரம் முழுக்க நாள்தோறும் நூற்றுக்கணக்கான முகாம்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையும் கபசுரக் குடிநீரும் அங்கேயே கிடைத்தன. கொரோனா என்ற சொல்லுக்குப் பயந்து ஒதுங்கியவர்கள் ‘சுகர் மாத்திரை தர்றாங்களாம்’ என்று வந்தார்கள். வந்த இடத்தில் காய்ச்சலும் பார்க்கப்பட்டது. அடுத்த நாள் முகாம் எங்கே என்பதைப் பகுதிவாரியாக முன்கூட்டியே அறிவித்தார்கள். மாநகராட்சி அந்தக் காலத்தில் தந்த தகவல்களில் தெருவுக்கு உண்மையாகப் பயன்பட்டது அந்த அறிவிப்புதான் என்பது என் எண்ணம். எண்ணைக் காட்டி விட்டுவிடாமல், எங்கே வர வேண்டும் என்று அது சொன்னது.

சோற்றுப் பாட்டைப் பற்றியும் பேச வேண்டும். 2020 ஏப்ரலில் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் தரப்பட்டன. கூட்டம் சேராமலிருக்க நாளும் நேரமும் குறித்த டோக்கன். ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மீண்டும் ஊரடங்கு இறுகியபோது இன்னொரு 1,000. அம்மா உணவகங்களில் இலவச உணவு. இட்லியும் சாம்பார் சாதமும் அந்த மாதங்களில் எத்தனை பேரைக் காப்பாற்றின என்பது தட்டேந்தி வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் அட்டை இல்லாதவர்கள் இருந்தார்கள். கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரர், வாடகை வீடு மாறி மாறி முகவரியே இல்லாமல் போன வீட்டுவேலைப் பெண், நடைபாதையில் குடும்பம் நடத்துபவர்கள். இவர்களுக்குச் சோறு போட்டது பெரும்பாலும் அக்கம்பக்கம்தான். குடியிருப்போர் சங்கங்கள், கோயில், மசூதி, தேவாலயக் குழுக்கள், கட்சிக்காரர்கள், ரசிகர் மன்றத்துப் பையன்கள்.

அந்த உதவிக்கும் ஒரு தடை வந்தது. தனியார் யாரும் நேரடியாக உணவோ பொருளோ வழங்கக் கூடாது, அரசிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசு அறிவித்தது. கூட்டம் கூடுகிறது, இடைவெளி இல்லை என்பது காரணம். காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. எதிர்க்கட்சியான தி.மு.க. உள்ளிட்டோர் நீதிமன்றம் போனார்கள். 48 மணி நேரத்துக்கு முன் அதிகாரிகளுக்குத் தகவல் தந்துவிட்டு, கட்டுப்பாடுகளோடு வழங்கலாம் என்று உயர்நீதிமன்றம் சொன்னது. பசித்தவனுக்கு 48 மணி நேரம் என்பது ஆறு வேளைச் சாப்பாடு. வார்டு அளவில் ஒருவர் இருந்திருந்தால், யார் எந்தத் தெருவுக்குக் கொடுக்கிறார்கள், எந்தத் தெரு விட்டுப்போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி ஒழுங்குபடுத்தியிருக்க முடியும். ஒரே தெருவில் மூன்று குழு பிரியாணி கொடுத்துவிட்டுப் போக, அடுத்த தெருவில் அடுப்பு எரியாத கதை அந்த மாதங்களில் சகஜம்.

அரசும் அக்கம்பக்கமும் கைகோத்த முயற்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுத் தனிமையில் இருப்பவர்களுக்காக மாநகராட்சி தன்னார்வலர்களைச் சேர்த்து ‘ஃபோகஸ்’ என்ற பெயரில் களமிறக்கியது. கண்காணிப்பில் இருப்பவரின் நண்பர்கள் என்பது அந்த ஆங்கிலச் சுருக்கத்தின் பொருள். அவர்களின் வேலை பெரிய வேலை போலத் தெரியாது. மருந்துச் சீட்டைப் படமெடுத்து வாங்கிப் போய் மாத்திரை வாங்கி வருவது, தண்ணீர் கேன், பால் பாக்கெட், குழந்தைக்கு பிஸ்கட். வாசலில் வைத்துவிட்டு மணியடித்துத் தள்ளி நிற்பது. ஆனால் வீட்டை விட்டு வெளியே வராதே என்று உத்தரவு போடும் அரசு, அப்படியானால் நான் எப்படிச் சாப்பிடுவது என்ற கேள்விக்கு ஆள் அனுப்பியது. சுவரொட்டியும் தகரமும் செய்யாததை ஒரு தண்ணீர் கேன் செய்தது. உதவிக்கு ஆள் வரும் என்று தெரிந்த வீட்டில் காய்ச்சலை மறைக்க வேண்டிய தேவை குறையும்.

நம்பிக்கை பற்றிய பேச்சில் 444 என்ற எண்ணை விட முடியாது. 2020 ஜூனில், மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த கொரோனா மரணங்கள் சில சுகாதாரத் துறையின் அன்றாட அறிக்கையில் ஏறவில்லை என்பது வெளிவந்தது. குழு அமைத்து ஆராய்ந்தார்கள். ஜூலை 22-ல் விடுபட்ட 444 மரணங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டன. விடுபட்டதை ஒப்புக்கொண்டு சேர்த்தது நல்லது. ஆனால் தன் தெருவில் இரண்டு சாவைப் பார்த்தவர், மாலைச் செய்தியில் அந்த இரண்டும் இல்லை என்று சந்தேகித்த நாளிலிருந்து மற்ற எண்களையும் நம்பியிருக்க மாட்டார். மரணத்தை மறைத்தால் ஊர் பதறாது என்று யாராவது நினைத்திருந்தால் அது தப்புக் கணக்கு. சங்கு சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

இரண்டாம் அலை வேறு மாதிரி. 2021 மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அப்போது தேடல் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் ரெம்டெசிவிருக்கும். தெரு என்பது பின்னுக்குப் போய், கைப்பேசிதான் முன்னால் வந்தது. மருத்துவ உதவிக்கான 104 எண், ஒருங்கிணைந்த கட்டளை மையம், காருக்குள் ஆக்சிஜன் வைத்த ஆம்புலன்ஸ்கள். குடும்ப அட்டைகளுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய். முதல் அலையில் கற்ற பாடங்கள் சில வேலைக்கு வந்தன. வார்டில் ஆள் இல்லை என்பது மட்டும் அப்படியே இருந்தது.

2022 மார்ச்சில் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். அந்த ஆண்டு ஜூனில் வார்டு குழுக்களுக்கும், வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்களைக் கூட்டும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்தன. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று சொல்லி அப்போது முப்பது ஆண்டு ஆகப்போகிறது. நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் மாநிலம் முழுவதும் பகுதி சபைகள் கூடின. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் ஒரு சபையில் கலந்துகொண்டார். கிராமசபை என்ற சொல்லைக் கேட்டு மட்டுமே பழகிய நகரத்துக்காரர்களுக்குத் தங்கள் தெருவைப் பற்றிப் பேச ஒரு சட்டபூர்வமான இடம் கிடைத்தது.

அங்கே வழக்கமாக வரும் கேள்விகள் கழிவுநீர், தெருவிளக்கு, நாய்த் தொல்லை. எல்லாம் கேட்க வேண்டியவைதான். அவற்றோடு இன்னொன்றையும் கேட்கலாம். 2020-ல் கதவைத் தட்டிய அந்தப் பெண்கள் காய்ச்சலை மட்டும் விசாரிக்கவில்லை. வீட்டில் எத்தனை முதியவர்கள், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம் என்றும் எழுதிக்கொண்டு போனார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும் மூழ்கி, மாடிகளில் சிக்கியவர்கள் பாலுக்கும் குடிதண்ணீருக்கும் இன்சுலினுக்கும் கைப்பேசியில் முறையிட்டுக்கொண்டிருந்தபோது, படகில் போனவர்கள் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மறுபடி முதலிலிருந்து தேடினார்கள். அந்தப் பெண்கள் எழுதிய பட்டியல் இப்போது எங்கே இருக்கிறது, நம் வார்டின் பக்கங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கிறார்களா, அடுத்த வெள்ளத்திலோ அடுத்த காய்ச்சலிலோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு நம் தெருவுக்கு வரப்போகிறவர் யார், அவருடைய எண் என்ன?